மண் மறுக்கப்பட்டோர் நீரில் கட்டிய வீடு: காஷ்மீரப் படகு வீடுகளின் உடைமை வரலாறு

ஆங்கிலேயர் காஷ்மீரில் நிலம் வாங்கத் தடை இருந்தது, ஆகவே அவர்கள் நீரின்மேல் வீடு கட்டிக்கொண்டனர் என்பது ஸ்ரீநகர் படகு வீடுகளைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் திரும்பத் திரும்பக் கூறும் செய்தி. சென்ற வாரம் வகுப்பில் ஒரு மாணவர் இதையே கூறிவிட்டு, "அப்படியானால் அந்தப் படகை யார் கட்டினார்கள், ஐயா?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு வகுப்பில் முழுமையாக விடை கூற நேரம் போதவில்லை. ஆகவே இப்பதிவு.

முதலில் தடையைப் பற்றி. 1846ஆம் ஆண்டு அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி, 75 இலட்சம் ரூபாய்க்குக் காஷ்மீர் குலாப் சிங்கின் ஆளுகைக்கு வந்தது. டோக்ரா மன்னர்கள் ஐரோப்பியர் அங்கு நிலவுடைமை பெறுவதை அனுமதிக்கவில்லை. பின்னர் 1927இல் வெளிவந்த மாநிலக் குடிமக்கள் அறிவிப்பு, இக்கொள்கையை வெளியார் அனைவருக்குமான சட்ட வரையறையாக்கியது. எனவே தடை உண்மையே. ஆயினும் தங்குவதற்கு வேறு வழியே இல்லாமற்போகவில்லை. முன்ஷி பாக்கில் அரசு விருந்தினர் இல்லங்கள் இருந்தன. சினார் பாக், மணமாகாத ஆங்கிலேயர் கூடாரம் அடிக்கும் இடமாக அறியப்பட்டது. தடை மட்டுமே படகு வீட்டைப் பிறப்பித்துவிடவில்லை. நீரில் வாழத் தெரிந்த ஒரு சமூகம் அதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு இருந்தது.

அச்சமூகத்தார் ஹாஞ்சிகள் எனப்படும் படகோட்டிகள். 1589இல் அக்பர் காஷ்மீர் சென்றபோது, அங்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் இருந்தும் பேரரசருக்கு ஏற்றது ஒன்றுமில்லை என்பதால் புதியன செய்யப்பட்டதாக அபுல் ஃபசல் எழுதுகிறார். எண்ணிக்கையை அவ்வாறே ஏற்க வேண்டியதில்லை. பள்ளத்தாக்கின் போக்குவரத்து முழுதும் நீர்வழியை நம்பியிருந்தது என்பதற்கு அக்கூற்று சான்றாகிறது. 1889 முதல் நிலவரித் திட்ட அதிகாரியாகப் பணியாற்றிய வால்டர் லாரன்ஸ், 1895இல் வெளியிட்ட தம் நூலில் ஹாஞ்சிகளின் உட்பிரிவுகளையும் அவர்தம் படகு வகைகளையும் விரித்துரைக்கிறார். அவற்றுள் நம் பொருளுக்கு இன்றியமையாதது டூங்கா. தட்டையான அடியும் இருமுனையும் குறுகிய வடிவமும் கொண்ட அப்படகு ஏறத்தாழ 50 முதல் 60 அடி நீளமுடையது. அதன் கூரையும் பக்கங்களும் கோரைப் பாயால் ஆனவை. ஹாஞ்சிக் குடும்பம் சமைத்ததும் உறங்கியதும் பிள்ளை பெற்றதும் அதிலேதான்.

1890ஆம் ஆண்டையொட்டி ஜீலம் பள்ளத்தாக்கு வண்டிச் சாலை பாரமுல்லாவை எட்டியது. அங்கு இறங்கிய பயணிகள் டூங்காவை வாடகைக்கு அமர்த்தி, ஊலர் ஏரி வழியாக ஸ்ரீநகர் சென்றனர். பயணத்துக்கு எடுத்த படகே கோடை முழுதும் தங்குமிடமாயிற்று. பாய்ச்சுவர் இருந்த இடத்தில் பலகைச் சுவரும், தரையில் விரிப்பும், சுவரில் சாளரமும் வந்தன. இம்மாற்றத்தைத் தொடங்கியவர் யார் என்பதில் இரு மரபுகள் உள்ளன. ஒன்று கென்னார்டு என்னும் ஆங்கிலேயரைச் சுட்டுகிறது. மற்றொன்று பண்டித நாராயண தாசரைச் சுட்டுகிறது. கடை எரிந்துபோனதால் அவர் டூங்காவுக்குக் குடிபெயர்ந்தார், அதைத் திருத்தியமைத்து ஓர் ஐரோப்பியருக்கு விற்றார், பின் அதையே தொழிலாக்கினார் என்பது வழக்கு. காஷ்மீர சைவத்தின் அண்மைக்கால ஆசிரியர் சுவாமி லட்சுமண்ஜூ இவருடைய மகனே. இவ்விரு மரபுகளிலும் பலகை அறுத்த தச்சனின் பெயரும் டூங்காவின் வடிவத்தைத் தந்த ஹாஞ்சியின் பெயரும் இல்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளையர் காலத்தில் படகு வீடுகள் பலவற்றின் உடைமையாளர் ஐரோப்பியர். ஹாஞ்சி அங்குப் பணியாளராக இருந்து, பின்னால் கட்டிய சமையற் டூங்காவில் வசித்தார். 1947க்குப் பின் அப்படகுகள் விலையாகவும் கைமாறாகவும் ஹாஞ்சிக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தன. பணியாளர் உடைமையாளரானார், ஆனால் பல குடும்பங்கள் இன்றும் பின்படகிலேயே வசிக்கின்றன. விருந்தினருக்கு முன்படகு, வீட்டாருக்குப் பின்படகு என்னும் ஏற்பாடு உடைமை மாறியும் மாறவில்லை.

பராமரிப்பின் சுமையை அறியாமல் இவ்வுடைமையை மதிப்பிட இயலாது. படகு வீட்டின் உடல் தேவதாரு மரம். நீரில் எளிதில் உளுக்காது என்பதே அதன் சிறப்பு. ஆயினும் அடிப்பலகைகளைக் காலந்தோறும் மாற்ற வேண்டும், இடுக்குகளை அடைக்க வேண்டும், கசியும் நீரை இறைக்க வேண்டும். குளிர்காலத்தில் கூரைமேல் படியும் பனியை அள்ளித் தள்ளாவிடில் படகே மூழ்கிவிடும். 2014 செப்டம்பர் வெள்ளத்தில் படகுகள் பல சிதைந்தன. 2023 நவம்பரில் டால் ஏரியில் பற்றிய தீ பல படகுகளை அழித்தது. வங்கதேசப் பயணிகள் மூவர் உயிரிழந்தனர். அருகருகே நின்ற மரப்படகுகளில் தீ பரவுவதைத் தடுப்பது கடினம்.

இயற்கையைக் காட்டிலும் இச்சுமையைக் கூட்டியது சட்டமே. டால் ஏரியின் மாசு கருதி 1980களில் புதிய படகு வீடுகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2009இல் உயர் நீதிமன்றம் தலையிட்டபின், பழைய படகைப் பழுதுபார்ப்பதற்கும் ஒப்புதல் பெற வேண்டிய நிலை உண்டாயிற்று. ஒப்புதல் வரும்வரை பலகை காத்திருக்காது. 2021ஆம் ஆண்டுக் கொள்கை படகு வீடுகளின் எண்ணிக்கைக்கு 910 என உச்சவரம்பு வகுத்து, பழுதுபார்க்கச் சலுகை விலையில் மரம் தருவதாகவும் கூறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் நீரில் அமிழ்ந்தவற்றை அது மீட்காது. தேவதாரு விலையேறிவிட்டது. கட்டத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன.

ஏரியைக் காப்பது தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. படகுக் கழிவு நேரே நீரில் கலந்த காலம் இருந்தது, அது தவறு. ஆயினும் ஏரியில் சேரும் கழிவில் பெரும்பகுதி சூழ்ந்துள்ள நகரத்தினுடையது. நகரத்தின் வீடுகளைப் பழுதுபார்க்க எவரும் தடை விதிப்பதில்லை.

இப்போது மாணவரின் வினாவுக்கு வருவோம். படகைக் கட்டியவன் தச்சன், ஓட்டியவன் ஹாஞ்சி. யார் வைத்திருக்கலாம் என்பதை ஒரு காலத்தில் நிலச் சட்டம் முடிவு செய்தது. இன்று அதை ஏரிச் சட்டம் முடிவு செய்கிறது. நிலம் வாங்க முடியாத ஐரோப்பியருக்குப் புகலளித்த அதே படகு, கரையில் நிலம் இல்லாத ஹாஞ்சிக் குடும்பத்துக்கும் ஒரே சொத்தாக இருக்கிறது. முன்னவர் கோடை முடிந்ததும் ஊர் திரும்பினார். பின்னவருக்குத் திரும்ப வேறு ஊர் இல்லை.

இத்துறையில் ஆய்வு செய்ய விழையும் மாணவர்கள் பயண நூல்களோடு நின்றுவிடாமல், பதிவு ஏடுகளையும் வழக்கு ஆவணங்களையும் படிக்க வேண்டும். பின்படகில் இருப்போரிடம் வாய்மொழி வரலாறு கேட்பதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். கட்டியவர்களை நேரில் கண்ட கடைசித் தலைமுறை இதுவே.