மேடையில் பேசாது நின்ற மாணவர்கள்

தகவல் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டம் பயில விழையும் மாணவர்கள் இன்று கட்டணத்தையும் வேலைவாய்ப்பையும் வினவுகின்றனர். 2005 முதல் நடுவண் அரசே இக்கல்விக்கெனத் தனித் திட்டம் நடத்திவரும் நாட்டில் அது இயல்பே. ஆயினும், இத்துறையை வெளிப்படையாகக் கற்பிக்கலாமா என்பதே ஐயமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அது அத்துணைத் தொலைவிலும் இல்லை.

1976இல் அமெரிக்காவின் டிஃபியும் ஹெல்மனும் பொதுத்திறவி மறையீட்டை அறிவித்தனர். முன்பின் அறியாத இருவர், இரகசியத் திறவியை முன்கூட்டிக் கைமாற்றாமலே மறைவாகச் செய்தி பரிமாறலாம் என்பது அதன் சாரம். அதுவரை மறையீட்டியல் பெரிதும் படைக்கும் உளவுத்துறைக்கும் உரிய வித்தையாகவே இருந்தது. 1977 ஜூலையில் அந்நாட்டுத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ஊழியர் ஒருவர், பொறியாளர் கழகமான ஐஇஇஇ-க்கு மடல் விடுத்தார்: இத்தகைய கட்டுரைகளை வெளியிடுவது போர்த்தளவாட ஏற்றுமதி விதிகளை மீறுவதாகலாம். பீரங்கி இடம்பெற்ற பட்டியலில் கணிதமும்!

அவ்வாண்டு அக்டோபரில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கருத்தரங்கு. ஹெல்மனின் மாணவர்களான மெர்க்கிலும் போலிக்கும் தத்தம் ஆய்வைத் தாமே படிப்பதாக இருந்தது. வழக்கு வந்தால் நிரந்தரப் பேராசிரியர் தாங்குவார், மாணவர் தாங்கார் என்பது ஸ்டான்ஃபோர்டு வழக்கறிஞரின் அறிவுரை. ஹெல்மனே இரண்டையும் படித்தார். மாணவர் இருவரும் அருகில் வாய்திறவாது நின்றனர். உழைப்பு எவருடையது என்பதை அவை அறியவேண்டுமல்லவா. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

15 ஆண்டுகள் கழித்து, 1992இல், இங்கிலாந்தின் ராயல் ஹாலோவே கல்லூரி தகவல் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. உலகில் இவ்வகையில் அதுவே முதலாவது என்பர். (டான் பிரவுனின் ‘டா வின்சி கோட்’ நாயகியும் மறையீட்டியலை அங்கேதான் பயின்றதாகக் கதை.) அதை வளர்த்த ஃபிரெட் பைப்பர் வடிவியலில் தொடங்கிய கணிதர். ஆயினும் பாடத்திட்டம் கணிதத்தோடு நிற்கவில்லை. பாதுகாப்பு மேலாண்மைக்கும் அதில் இடமிருந்தது. என் கணிப்பில் அப்பட்டத்தின் மெய்யான புதுமை இதுவே. சூத்திரம் உடைவதினும், திறவியை வைத்திருப்பவர் தவறுவதே மிகுதி.

அங்கு முதல் ஐந்தாண்டுகளில் பயின்றோர் பொதுத்திறவியை அமெரிக்கர் கண்டதாகவே அறிந்திருப்பர். அதே பிரிட்டனில், செல்டனம் நகரின் அரசு உளவு நிறுவனத்தில், ஜேம்ஸ் எல்லிஸ் 1970இலேயே அக்கருத்தை எட்டியிருந்தார். கிளிஃபோர்ட் காக்ஸ் 1973இல் அதற்குக் கணித வடிவம் தந்தார். பணிவிதி இருவர் வாயையும் கட்டியது. 1997 டிசம்பரில் அந்நிறுவனம் உண்மையை வெளியிட்டது. எல்லிஸ் இறந்தது அதற்கு முந்தைய மாதம்.