சொந்த கம்பெனி ஷூவா, போட்டி கம்பெனி ஷூவா... பெரிய அதிகாரிங்க எதைப் போடணும்? ஆம்பூரை வைத்து ஒரு விளக்கம்

அமெரிக்காவின் ஃபோர்டு கார் நிறுவனத்தை நம்ம ஊர்க்காரர்களுக்கு நல்லாவே தெரியும். சென்னை அருகே மறைமலைநகரில் ஆலை நடத்தி, 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திய அதே நிறுவனம்தான். அதன் தலைமை செயல் அதிகாரி ஜிம் ஃபார்லி 2024 அக்டோபரில் ஒரு பேட்டியில் சொன்ன விஷயம் பலரை ஆச்சரியப்பட வைத்தது. சீனாவின் ஷாவ்மி நிறுவனம் தயாரித்த எஸ்.யு.7 எலெக்ட்ரிக் காரை ஷாங்காயில் இருந்து சிகாகோவுக்கு விமானத்தில் கொண்டு வந்து ஆறு மாதமாக ஓட்டுவதாகவும், அதைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை என்றும் அவர் சொன்னார்.

ஃபோர்டு தலைவரே போட்டி கம்பெனி காரை ஓட்டலாமா? இது துரோகமா, இல்லை தொழில் புத்தியா?

இதே கேள்வியை வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் பகுதிக்குக் கொண்டு வந்தால் இன்னும் சிக்கலாகிறது. ஏன் என்று பார்க்கலாம்.

'தன் சமையலைத் தானே சாப்பிடு' பழக்கம் எங்கிருந்து வந்தது?

1988-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் மேலாளராக இருந்த பால் மாரிட்ஸ், சக அதிகாரி ஒருவருக்கு ஓர் இமெயில் அனுப்பினார். நம்ம தயாரிப்பை நம்ம ஆபீஸிலேயே அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் விஷயம். நம் நாய்க்கான உணவை நாமே தின்போம் என்பது போல அதற்கு அவர் வைத்த தலைப்பு ஐ.டி. உலகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்று சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இதை 'டாக்ஃபூடிங்' என்கிறார்கள்.

நமக்கு இது புதுசு இல்லை. ஆம்பூரில் பிரியாணி தேக்சாவை இறக்கும் முன் மாஸ்டர் உப்பு, காரம் பார்ப்பதும் இதே பழக்கம்தான். வாடிக்கையாளர் இலைக்குப் போன பிறகு குறை தெரிந்தால் சரி செய்ய முடியாது. முன்னாடியே தெரிந்தால் சரி செய்யலாம்.

சொந்தத் தயாரிப்பைப் பயன்படுத்தினால் என்ன லாபம்?

முதல் லாபம், ரிப்போர்ட்டில் வராத விஷயங்கள் நேரடியாகத் தெரியும். 2024 அக்டோபரில் சொமேட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல் டெலிவரி உடை போட்டுக்கொண்டு குருகிராமில் ஆர்டர் எடுக்கப் போனார். ஒரு மாலில் அவரை லிஃப்ட் பக்கம் விடாமல், படிக்கட்டு வழியாகப் போகச் சொன்னார்கள். அதை அவரே சமூக வலைதளத்தில் பகிர்ந்தார். டெலிவரி ஊழியர்கள் தினமும் படும் பாடு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் எத்தனை சார்ட் பார்த்தாலும் அப்படித் தெரிந்திருக்காது.

இரண்டாவது லாபம் நம்பிக்கை. விற்கிறவரே வாங்காத பொருளை நாம் ஏன் வாங்கணும்னு ஜனங்க கேட்பாங்க. பிரிட்டனில் ஜெரால்ட் ராட்னர் என்ற நகைக்கடை அதிபர் 1991 ஏப்ரலில் ஒரு மேடையில் தன் கடைப் பொருளைத் தானே மட்டமானது என்று கேலி செய்தார். சிரிப்பு அன்றே முடிந்தது. பங்கு விலை சரிந்தது, 1992-ல் அவர் பதவியை இழந்தார். 1993-ல் கம்பெனி பெயரையே சிக்னெட் என மாற்ற வேண்டியதாயிற்று.

அப்போ போட்டியாளர் பொருளை தொடவே கூடாதா?

அங்கேதான் அடுத்த ஆபத்து. மைக்ரோசாஃப்ட் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர், தன் பிள்ளைகள் கூகுளையோ ஐபாடையோ பயன்படுத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருப்பதாக 2006-ல் பேட்டி கொடுத்தார். 2007-ல் ஐபோன் வந்தபோது அதன் விலையைக் கேட்டு டி.வி. பேட்டியில் சிரித்தார். பிறகு செல்போன் சந்தையில் மைக்ரோசாஃப்ட் எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். பால்மர் வீட்டில் ஐபாட் இருந்திருந்தால் கதையே மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எதிராளியின் பொருளைத் தொட்டுப் பார்க்காதவருக்கு, ஜனங்க அதுக்கு ஏன் க்யூவில் நிற்கிறாங்கன்னு புரியுறது கஷ்டம்.

ஷூ தொழிலில் இது சர்வசாதாரணம். சாம்பிள் ரூமில் வேறு கம்பெனி ஷூவை வாங்கி வந்து, கத்தியால் இரண்டாகப் பிளந்து பார்ப்பார்கள். மேல் தோல் எப்படி, உள்ளே லைனிங் என்ன, சோல் எப்படி ஒட்டப்பட்டிருக்கிறது, தையல் எங்கே வளைகிறது எல்லாம் அப்போதுதான் தெரியும். ஃபார்லி காரை ஓட்டிப் பார்த்ததும் இந்த ரகம்தான்.

ஆம்பூரில் இந்தக் கேள்வி ஏன் சிக்கலாகிறது?

ஆம்பூரும் வாணியம்பாடியும் பழைய வேலூர் மாவட்டத்தில் இருந்தவை. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஆனால் தோல் தொழில் இன்னும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது.

இங்குள்ள பல ஷூ கம்பெனிகள் தங்கள் பெயரில் விற்பதில்லை. கிளார்க்ஸ் உள்ளிட்ட வெளிநாட்டு பிராண்டுகள் ஆர்டர் கொடுக்கும், இவர்கள் செய்து கொடுப்பார்கள். டிசைன், லேபிள், விலை பெரும்பாலும் பையர் கையில். அப்படின்னா ஆம்பூர் கம்பெனியின் 'சொந்தத் தயாரிப்பு' எது?

ஒரே கூரையின் கீழ் ஒரு லைனில் ஒரு பிராண்டும், பக்கத்து லைனில் அதற்குப் போட்டியான பிராண்டும் ஓடலாம். முதல் பிராண்டின் ஷூவைப் போட்டுக்கொண்டு இரண்டாவது பிராண்டின் பையரை வரவேற்கப் போகும் மேனேஜர் செய்வது சரியா, தப்பா? அவருக்கு அது சொந்தப் பொருள்தான். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது போட்டியாளர் பொருள்.

கொஞ்சம் யோசித்தால் ஒரு பதில் கிடைக்கும். ஆர்டருக்குச் செய்து கொடுக்கும் கம்பெனி விற்பது ஷூவை மட்டும் இல்லை. சொன்ன தேதியில், சொன்ன தரத்தில், சொன்ன எண்ணிக்கையில் செய்து கொடுக்கும் வேலையையும்தான் விற்கிறது. அதனால் அங்கே மேலதிகாரி 'சொந்தத் தயாரிப்பைப் பயன்படுத்துவது' என்றால், தன் சாம்பிள் ரூமுக்கே ஒரு பையர் மாதிரி ஆர்டர் கொடுத்துப் பார்ப்பது. சாம்பிள் எத்தனை நாளில் வருது? சொன்ன திருத்தம் அடுத்த ஜோடியில் சரியாச்சா? இமெயிலுக்கு யார் பதில் போடுறாங்க? பையர் படும் எரிச்சல் அவருக்கும் அப்போதுதான் புரியும்.

காலில் போட்டுப் பார்த்தால் போதுமா?

போதாது. முதல் காரணம், அதிகாரியின் கால் வாடிக்கையாளரின் கால் இல்லை.

ஷூவின் வடிவத்தை முடிவு செய்வது 'லாஸ்ட்' எனப்படும் கால் வடிவ அச்சு. ஐரோப்பாவுக்குப் போகிற ஷூ, ஐரோப்பியர் காலுக்கான அச்சில் ஏறுகிறது. அதை ஆம்பூர் மேனேஜர் போட்டுப் பார்த்து விரல் பக்கம் இறுக்குகிறது என்றால், அது ஷூவின் குறையாக இருக்க வேண்டியதில்லை. அவருக்குச் சரியாக இருந்தால், ஜெர்மனியில் வாங்குபவருக்கும் சரியாக இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதனால்தான் அளவு பொருந்தும் ஆட்களை வைத்து தனியாக 'ஃபிட் டிரையல்' நடத்துகிறார்கள்.

இந்தியக் கால் எப்படி இருக்கிறது என்பதற்கு இப்போது கணக்கே இருக்கிறது. 1948-ல் தொடங்கப்பட்ட, சென்னை அடையாறில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை 3டி ஸ்கேனரில் அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலம் அதிகம் என்று அதில் தெரிந்தது. அகலம் பொருந்தணும் என்பதற்காகப் பலர் நீளம் அதிகமான சைஸை வாங்கிப் போடுகிறார்கள். இதை வைத்து, பாரத் என்ற பெயரின் முதல் எழுத்தில் 'பா' என்ற இந்திய சைஸ் முறையும் முன்மொழியப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த யு.கே. சைஸுக்கு இது மாற்று.

இரண்டாவது காரணம், சில ஆபத்துகள் காலுக்குத் தெரியவே தெரியாது.

1989-ல் ஜெர்மனி, தோல் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பி.சி.பி. ரசாயனத்துக்குத் தடை போட்டது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அங்கே விற்க முடியாது. ஜெர்மனியை நம்பியிருந்த தமிழகத் தோல் தொழிலுக்கு அது பெரிய அடி. அந்தத் தோலில் செய்த ஷூவை எத்தனை முதலாளிகள் எத்தனை வருடம் போட்டு நடந்திருந்தாலும் அந்தப் பிரச்சினை தெரிந்திருக்காது. அதேபோல 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலில் குரோமியம் 6 என்ற வகை கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே அந்த ஷூவை விற்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க லேப் டெஸ்ட்தான் ஒரே வழி.

இதெல்லாம் இப்போ ஏன் முக்கியம்?

2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியது. அடி வாங்கிய தொழில்களில் தோலும் ஷூவும் உண்டு. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 24-ல், பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் இதே தொழிலுக்கு வரிச் சலுகை தருவதாகச் சொன்னது. ஒரு கதவு மூடினா ஒரு கதவு திறக்கும் என்ற நிலைமை. ஆனால் இரண்டு கதவின் சாவியும் வெளியூரில்.

இதன் பாரம் விழுவது முதலாளி மேல் மட்டும் இல்லை. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி சுற்றியுள்ள கிராமங்களில் காலையில் கம்பெனி பஸ் ஏறும் பெண்கள்தான் இந்த ஷூ லைன்களில் அதிகம். ஆர்டர் குறைந்தால் அவர்கள் வேலைதான் முதலில் ஆட்டம் காணும்.

அதனால் உள்ளூர் சந்தைக்கு, சொந்தப் பெயரில் விற்கணும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அப்படி ஒரு கம்பெனி முடிவெடுத்த நிமிடமே 'யாருடைய ஷூவைப் போடணும்' என்ற கேள்விக்கு அர்த்தம் மாறிவிடும். இதுவரை அதிகாரியின் கால் வாடிக்கையாளர் கால் இல்லை. இனிமேல் அதுவும் வாடிக்கையாளர் கால்தான். மேனேஜர் கால், லைனில் தைக்கும் அக்காவின் கால், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி கால் எல்லாமே இந்தியக் கால்கள். வேலூர் வெயில், ஆம்பூர் பஜார் நெரிசல், மழைக்காலச் சேறு எல்லாம் இலவச டெஸ்ட். அங்கே சொந்த ஷூவைப் போடாத அதிகாரி, கையில் இருக்கும் பெரிய வசதியை வீணாக்குகிறார் என்றே சொல்லணும்.

சரி, கடைசியா எதைத்தான் போடணும்?

இரண்டையும் போடணும். ஆனால் ஒவ்வொன்றையும் எதற்காகப் போடுகிறோம் என்பது தெரிந்திருக்கணும்.

1. சொந்தப் பொருளைத் தினமும் பயன்படுத்தணும். ஆனால் முதலாளிக்குன்னு தனியா பொறுக்கி எடுத்த ஜோடி வேண்டாம். கடையில் காசு கொடுத்து, பில் போட்டு வாங்கின ஜோடிதான் உண்மையைச் சொல்லும். சோல் விட்டுப்போனால் மாற்றித் தருகிறார்களா என்பதும் அப்போதுதான் தெரியும்.

2. போட்டியாளர் பொருளை ஒளித்து வைக்காமல் பயன்படுத்தணும். ஒரு மாதம் போட்டு, அதில் என்ன நல்லா இருக்கு, நம்மளால் ஏன் முடியல என்று எழுதி டிசைன் டீமிடம் கொடுத்தால் அது வேலை. பிடிச்சிருக்கு என்பதற்காக மட்டும் வருடக்கணக்கில் போட்டால், கம்பெனிக்குள்ளேயே கேள்வி வரும்.

3. இதை ஊழியர்களின் விசுவாசத்துக்கு வைக்கும் பரீட்சை ஆக்கக் கூடாது. 'நம்ம ஷூதான் போடணும்' என்று உத்தரவு போட்டால் எல்லோரும் போடுவார்கள். ஆனால் குதிகாலில் கொப்புளம் வந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். குறை சொல்பவரைத் திட்டாத இடத்தில்தான் இந்தப் பழக்கத்துக்குப் பலன் உண்டு.

4. காலுக்குத் தெரியாததை லேப் சொல்லட்டும். ரசாயனம், சோல் உறுதி, சாயம் ஒட்டுவது எல்லாவற்றுக்கும் முறையான சோதனை இருக்கிறது. 'நானே போட்டுட்டு இருக்கேன், ஒண்ணும் ஆகல' என்பது டெஸ்ட் ரிப்போர்ட் ஆகாது.

ஃபார்லி மீது கோபப்பட்டவர்களுக்கும் இதுதான் பதில். அவர் சீனக் காரை ஓட்டியதில் தப்பில்லை. அதை ஓட்டிக் கற்றுக்கொண்டது ஃபோர்டின் அடுத்த காரில் தெரியுதா என்பதுதான் கேள்வி. ஆம்பூரில் சொந்தப் பெயரில் ஷூ விற்க இறங்கும் கம்பெனிகளையும் நாளைக்கு இதே கேள்வியை வைத்துத்தான் வாடிக்கையாளர்கள் எடை போடுவார்கள்.