சறுக்குப் பலகையின் சரித்திரம்

சரித்திரம் என்றவுடன் அரசர்களையும் படையெடுப்புகளையும் நினைப்பதே நம் வழக்கம். ஆயினும் ஏருக்கும் தறிக்கும் சரித்திரம் உண்டு. பிள்ளைகள் விளையாடும் பொருள்களுக்கும் உண்டு. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த அகலமும், இரண்டு முழத்துக்கு உட்பட்ட நீளமும் கொண்ட ஒரு மரப்பலகை; அதன் அடியில் நான்கு சிறு சக்கரங்கள். ஸ்கேட்போர்டு என்று உலகம் வழங்கும் இந்தச் சறுக்குப் பலகையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பல ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பழகியவன் நான். எந்தப் பொருளைக் காட்டினாலும், “இது ஏன் ஸார் இப்படி இருக்கிறது?” என்று கேட்கும் மாணவனையே எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தப் பலகையைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்கலாம். அதன் அகலமும் வளைவும் ஏன் இப்படி அமைந்தன? விடை, அது ஓடிய தரையில் இருக்கிறது.

1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்கரையில் அலைமேல் பலகையிட்டுச் சறுக்கும் விளையாட்டு பரவியிருந்தது. அலை எழாத நாட்களில் இளைஞர்கள் என் செய்வார்கள்? காலில் கட்டும் உருளைச் சக்கரங்களைப் பிரித்து ஒரு மரத்துண்டில் ஆணியால் அறைந்து, தெருவையே கடலாகக் கொண்டார்கள். அப்பலகைகள் தட்டையானவை, ஒடுக்கமானவை. சக்கரங்கள் முதலில் இரும்பால் ஆனவை. பின்னர்க் களிமண் கலவையால் செய்யப்பட்டன. 1963இல் லாரி ஸ்டீவன்சன் என்பவரின் மகாஹா கம்பெனி ஹெர்மோசா பீச்சில் ஒரு போட்டியை நடத்தியது. 1965இல் அனஹைம் நகரில் நடந்த போட்டியைத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. அதே ஆண்டு மே மாதம் ‘லைஃப்’ பத்திரிகையின் அட்டையில், ஓடும் பலகைமேல் தலைகீழாகக் கையூன்றி நின்றார் பாட்டி மகீ என்னும் இளம்பெண். பெண்களில் முதல் தொழில்முறை வீராங்கனை இவரே என்பர்.

ஆனால் அந்த ஆண்டின் இறுதிக்குள் விளையாட்டு ஏறக்குறைய மடிந்தது. களிமண் சக்கரம் தரையைப் பற்றாது; ஒரு சிறு கல் தடுத்தாலும் பலகை நிற்கும், ஏறியவன் மட்டும் முன்னே போவான். காயங்கள் பெருகின, பல நகரங்கள் தடை விதித்தன.

அதை மீட்டது சக்கரமே. 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்னும் இளைஞர் யூரிதேன் என்ற மென்மையான செயற்கைப் பொருளால் ஆன சக்கரங்களை இவ்விளையாட்டுக்குக் கொணர்ந்தார். அவை தரையைப் பற்றின. சிறு கற்களை விழுங்கி ஓடின. பலகையின் வாலை மேல்நோக்கி வளைக்கும் முறையை ஸ்டீவன்சன் 1969 அளவில் வகுத்திருந்தார். அப்பால் இயற்கையும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது. 1976, 1977 ஆண்டுகளில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. டோனி ஆல்வா, ஜே ஆடம்ஸ், ஸ்டேசி பெரால்டா முதலிய இளைஞர்கள் அக்குளங்களின் வளைந்த சுவர்களில் ஏறி இறங்கினர். செங்குத்தான சுவரில் கால் நிலைக்க வேண்டுமானால் அகலம் வேண்டும். பலகை பத்து அங்குலம் வரை அகன்றது.

பிறகு, காப்பீட்டுச் செலவும் வழக்குகளும் பெருகவே, தனியார் கட்டிய சறுக்குத் திடல்கள் 1980ஐ ஒட்டி ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நார்வே நாடு 1978 முதல் 1989 வரை இவ்விளையாட்டைச் சட்டத்தாலேயே தடுத்து வைத்தது. அங்குள்ள இளைஞர்கள் காட்டுக்குள் மறைவாகச் சரிவுகள் கட்டி ஆடினர். விளையாட இடம் இல்லை என்பதால் பிள்ளைகள் விளையாட்டை விடுவதில்லை. இன்னும் ஆபத்தான இடத்துக்குப் போகிறார்கள். இதைக் கலிபோர்னியாவும் பின்னர் உணர்ந்தது. 1998இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் நகராட்சிகளின் பொறுப்பை வரையறுத்தபின், அங்கே பொதுத் திடல்கள் பல எழுந்தன.

திடல் மூடிய காலத்தில் ஆட்டம் தெருவுக்கு வந்தது. கைபடாமல் பலகையோடு துள்ளும் உத்தியை புளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் 1970களின் இறுதியில் வளைந்த சுவரில் கண்டார். ஒல்லி என்பது அவரது செல்லப்பெயர். உத்திக்கும் அதுவே பெயராயிற்று. அதைச் சமதரையில் செய்துகாட்டியவர் ராட்னி மல்லன். வாலை மிதித்து மூக்கை எழுப்பும் இந்தத் துள்ளலுக்குக் கனத்த பலகை ஒவ்வாது. ஆகவே 1990களின் தொடக்கத்தில் பலகை ஒடுங்கி, இரு முனையும் ஒன்றுபோல வளைந்து, இன்று நாம் காணும் உருவத்தைப் பெற்றது.

இனி மரத்தைப் பார்ப்போம். பெரும்பாலான நல்ல பலகைகள் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதியில் வளரும் மேப்பிள் மரத்தால் ஆனவை. குளிரில் மெல்ல வளர்வதால் அம்மரம் இறுகி நிற்கும். அதை ஏழு மெல்லிய தகடுகளாக்கி, இடையே பசை தடவி, அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். பெரும்பாலான தகடுகளில் மர இழை நீளவாட்டில் ஓடும். ஒன்றிரண்டில் மட்டும் குறுக்கே ஓடும். முன்னவை முறிவைத் தாங்குகின்றன. பின்னவை பிளவைத் தடுக்கின்றன. மேலே உப்புத்தாளைப் போன்ற சொரசொரப்பான தாள் ஒட்டப்படும்.

பலகை தேர்வோர் கருத வேண்டுவன மூன்று. முதலாவது தரை: படியிலும் தெருவிலும் துள்ளுவோருக்கு எட்டு அங்குலத்தை ஒட்டிய அகலம் பொருந்தும், குளம்போன்ற வளைவுகளில் ஏறுவோருக்கு எட்டரையும் அதற்கு மேலும் வேண்டும். இரண்டாவது கால்: சிறு பிள்ளைகளுக்கு ஏழு, ஏழரை அங்குலமே போதும், சக்கர அச்சின் அகலமும் பலகையின் அகலத்தோடு ஒத்திருக்க வேண்டும். மூன்றாவது உழைக்கும் காலம்: நன்கு ஆடுவோரின் பலகை சில வாரங்களிலேயே வாலில் தேய்ந்து துள்ளலை இழக்கும், ஈரம் பட்டால் தகடுகள் விரியும். இது ஆண்டுக்கணக்கில் காக்கும் பொருள் அன்று.

அவ்வாறு தேய்ந்து தேய்ந்து மீண்டும் வாங்கப்படுவதில்தான் வீரர்களின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. இவ்விளையாட்டில் தொழில்முறை வீரர் என்றால், ஒரு கம்பெனி எவர் பெயரைப் பலகையில் பொறித்து விற்கிறதோ அவர் என்பதே வழக்கு. ஒவ்வொரு பலகை விற்கும்போதும் அவருக்கு ஒரு சிறு பங்கு சேரும். பலகை விற்காவிடில் பங்கும் இல்லை. டோனி ஹாக் 1982இல் தம் பதினான்காம் வயதில் தொழில்முறை வீரரானார். பவல் பெரால்டா கம்பெனியின் பலகைகளால் பெரும்பொருள் ஈட்டினார். 1990களின் தொடக்கத்தில் விளையாட்டு மீண்டும் சரிந்தபோது வருவாய் சுருங்கிச் செலவுக்கே முடைப்பட்டார். 1992இல் பர்ட்ஹவுஸ் என்னும் கம்பெனியைத் தொடங்கி மெல்ல எழுந்தார். 1999 ஜூன் 27 அன்று சான்பிரான்சிஸ்கோவில், பலமுறை விழுந்தெழுந்து, அந்தரத்தில் இரண்டரைச் சுற்றுச் சுழன்று பலகையோடு இறங்கினார். இவ்வளவு புகழ் பெற்றவருக்கே இந்நிலையானால், புகழ் குறைந்தோரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

பெயரே பொறிக்காத பலகைகளும் கடைகளில் உண்டு. அவை விலை குறைந்தவை. மரமும் பல சமயம் அதே மரம்தான். வாங்குவோனுக்கு இலாபம், வீரனுக்கு ஒன்றுமில்லை. எதை வாங்குவது முறை? என் கருத்தைச் சொல்கிறேன். தொடங்கும் பிள்ளைக்குப் பெயரில்லாப் பலகை போதும்; அது எப்படியும் சுவரில் மோதி உடையத்தான் போகிறது. ஆனால் ஒருவருடைய ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே ஓர் உத்தியைக் கற்றபின், அடுத்த பலகையை அவர் பெயரில் வாங்குவது குருதட்சிணை போன்றது. இந்தக் கலையில் பள்ளிக்கூடமும் வாத்தியாரும் இருந்ததில்லை. முன்னே ஆடியவர்களே ஆசிரியர்கள்.

2021இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. பெண்களுக்கான தெருப்பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு வயது பதின்மூன்று. வெள்ளி வென்ற பிரேசிலின் ரைசா லியாலுக்கும் அதே வயது. 2024இல் காலமான பாட்டி மகீ இதைக் கண்டுவிட்டே மறைந்தார். ‘லைஃப்’ அட்டையில் அவர் நின்ற பலகை தட்டையானது. பிடிப்பில்லாத சக்கரம் கொண்டது. அதன்மேல் தலைகீழாய் நிற்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, இன்றைய பலகையில் ஒருமுறை ஏறி விழுந்த எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும்.