வண்டித் தரை

பிக்கப் வண்டியோட தரைக்கு என்ன போடறதுன்னு ஒரு மாசமா எங்க வீட்டுல பஞ்சாயத்து. நான் ஒண்ணு சொல்ல, அப்பா ஒண்ணு சொல்ல, அம்மா ரெண்டையும் கேட்டுட்டு "எதையாவது போடுங்க, மாடு விழாம இருந்தா சரி"ன்னு எழுந்து போயிடுவாங்க. சென்னை நண்பர் ஒருத்தர் போன்ல சிரிச்சாரு. "ஒரு பெட் லைனருக்கு இவ்வளவு யோசனையா? ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வீட்டுக்கே வரும்." அவருக்குப் பதிலா எழுத ஆரம்பிச்சது, தாத்தா காலத்து மாட்டு வண்டி வரைக்கும் போயிடுச்சு.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். எங்க வண்டி ரெண்டாம் கையா வாங்கினது. வாங்கும்போதே பின்னாடி கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒண்ணு கச்சிதமா பொருத்தியிருந்தது. பார்க்க அழகு. ஐப்பசி மழையில ஒரு நாள் பக்கத்து ஊர்ல இருந்து கறவை மாடு ஒண்ணு ஏத்திட்டு வந்தோம். ஒரு திருப்பத்துல பின்னங்கால் ரெண்டும் வழுக்கி விரிஞ்சு அப்படியே உட்கார்ந்துடுச்சு. மூணு நாள் எழுந்திருக்கல. டாக்டர் வந்து ஊசி போட்டு, நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம். நல்லவேளை, எலும்பு முறியல. அந்தக் கோவத்துல தொட்டியைக் கழட்டினா, அடியில தகடு அப்பளம் மாதிரி இருந்தது. விரலால அழுத்தினேன், ஓட்டை விழுந்துச்சு. மாடு விழுந்ததும் தகடு துருப்பிடிச்சதும் தனித்தனிக் கதைன்னுதான் அப்போ நெனச்சேன்.

தாத்தாவோட கட்டை வண்டிக்குத் தகடு கிடையாது. ஏர்க்கால் மரத்து மேல குறுக்குக் கட்டைகள், அதுக்கு மேல பலகை. வசதி இல்லாதவங்க மூங்கிலைப் பிளந்து பிளாச்சு வரிஞ்சிருப்பாங்க. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல விரல் நுழையற இடைவெளி இருக்கும். அதை யாரும் குறையா நெனச்சதில்ல. மழைத்தண்ணியும் சாணியும் அது வழியாவே கீழே போயிடும். மரம் காத்துல காயும்.

தரையில என்ன விரிக்கணும்னு சுமைதான் முடிவு பண்ணும். எரு அடிக்கற நாள்ல பலகை மொட்டையா இருக்கும், ரெண்டு பக்கமும் படல் கட்டிக்குவாங்க. நெல்லு ஏத்தறதுன்னா வைக்கோலைப் பரப்பி, மேல பழைய கோரைப்பாயை விரிச்சு, ஓரத்துல சாக்கைச் சொருகணும். பாய்க்கு இங்க பஞ்சமில்ல, கோரைப்பாய்க்குப் பேர் போன வந்தவாசி எங்க மாவட்டத்துலதான் இருக்கு. மல்லாட்டைக்கு (நீங்க வேர்க்கடலைன்னு சொல்றது) சாக்கு மட்டும் போதும். கரும்புக்கு ஒண்ணுமே வேண்டாம். தீபத்துக்குக் குடும்பத்தோட கிளம்பினா வைக்கோல் மெத்தை, மேல ஜமக்காளம். மாட்டுச் சந்தையில நாலு நாள் தங்கினா அதே வைக்கோல் மாட்டுக்குத் தீனி. ஊருக்குத் திரும்பறப்போ வண்டி காலி, மெத்தையும் காலி.

அதாவது விரிப்பு வண்டிக்குச் சொந்தமா இருந்ததில்ல. சுமை இறங்கினதும் விரிப்பும் இறங்கிடும், உதறிக் காய வைப்பாங்க. இதை நான் புரிஞ்சுக்க ஒரு மாடு விழ வேண்டியிருந்தது.

அப்புறம் டயர் வண்டி வந்தது. டன்லப் கம்பெனி 1936ல வங்காளத்துல சாகாகஞ்சுல தொழிற்சாலை தொடங்கினாங்க. காத்தடைச்ச டயர் போட்ட மாட்டு வண்டிக்கு வடக்குல பல இடத்துல இன்னிக்கும் டன்லப்னுதான் பேரு. சுமை கூடுச்சு, பலகை அகலமாச்சு, மத்தபடி தரை மரம்தான்.

இரும்புத் தரை எங்களுக்கு வந்தது டிராக்டர் டிரெய்லரோட. சென்னையில டாஃபே 1960ல தொடங்கின பிறகு மாசே பெர்குசன் தமிழ்நாட்டு வயலுக்குள்ள வந்தது. எங்க ஊருக்கு வர இன்னும் பல வருஷம் ஆச்சு. டிரெய்லர் தகடு கெட்டியானது. மணல், செங்கல், எரு எதைக் கொட்டினாலும் தாங்கும். அப்பா பொங்கலுக்கு முன்னாடி அதைக் கழுவிக் காய வெச்சு, பட்டறையில மிச்சமான கழிவு ஆயிலை அடிப்பாரு. துரு நின்னுச்சு, ஆனா அடுத்த ரெண்டு நடை நெல்லுல டீசல் வாசம் அடிக்கும். லாரிக்காரங்க இந்த விஷயத்துல விவரமானவங்க. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டற பட்டறைகள்ல ரொம்ப காலம் தரைக்கு மரப்பலகைதான். ஒரு பலகை உடைஞ்சா அந்த ஒண்ணை மட்டும் மாத்தினாப் போதும்.

நிஜமான மாத்தம் 2005ல. டாடா ஏஸ் வந்த வருஷம் அது. நாம குட்டி யானைன்னு கூப்பிடறோம். ரெண்டு சிலிண்டர், 700 சிசி, 16 குதிரை சக்தி, முக்கால் டன் சுமை. 2011ல அசோக் லேலண்டோட தோஸ்த் ஓசூர்ல இருந்து வந்தது. மகிந்திரா பிக்கப் இன்னொரு பக்கம். உழவர் சந்தைத் திட்டம் 1999லயே மதுரையில தொடங்கியாச்சு, ஆனா பஸ்ஸுல கூடையோட அல்லாடாம சொந்த வண்டியில சந்தைக்குப் போறது எங்களை மாதிரி ஆளுங்களுக்கு இந்தச் சின்ன வண்டிகளாலதான் முடிஞ்சது.

ஆனா ஒரு வண்டிக்குள்ள எல்லா வேலையும் வந்து சேர்ந்துடுச்சு. விடியக்காலை கத்திரிக்காயும் பூவும். திரும்பறப்போ பொட்டாஷ் மூட்டை. சாயந்தரம் மாடோ ஆடோ. இத்தனைக்கும் ஒரே தரை. அதுவும் மெல்லிய வரித்தகடு, மேல ஒரு பூச்சு பெயிண்ட்.

இந்த பெட் லைனர்ங்கற சாமானே அமெரிக்காக்காரங்களோடது. ஃபோர்டு கம்பெனி 1925ல மாடல் டி காருக்குப் பின்னாடி தொட்டி வெச்சு, தொழிற்சாலையிலயே செஞ்ச பிக்கப்பா 281 டாலருக்கு வித்தாங்க. அங்கேயும் முதல்ல வாங்கினதுல விவசாயிங்க நிறைய. அதுக்கப்புறம் பல வருஷம் அமெரிக்க பிக்கப்புகள்ல பலகைத் தரைதான், நடுவுல இரும்புப் பட்டை. தகட்டுத் தரை பரவலானதும்தான் கீறலைப் பத்தின கவலை வந்தது. கீறல் விழாம இருக்க முதல்ல பிளாஸ்டிக் தொட்டி, பிறகு துப்பாக்கியால பீய்ச்சி அடிக்கற பாலியூரித்தேன், பாலியூரியா பூச்சு. வண்டி புதுசு மாதிரி இருந்தா மறுவிலை நல்லா கிடைக்கும்ல.

நமக்குக் கீறல் பிரச்சினையே இல்ல. மாட்டு மூத்திரமும் உரமும்தான் எமன். பொட்டாஷ்ங்கறது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்குப் பங்காளி. ஈரத்துல சிந்தினா உப்புத்தண்ணிதான், இரும்பைத் தின்னுடும். பிளாஸ்டிக் தொட்டியைப் பொருத்தினா ஓரம் வழியாத் தண்ணி உள்ளே போகும், திரும்பி வராது. நடுவுல மாட்டின மண்ணும் தூசியும் வண்டி ஓடற ஆட்டத்துல உப்புத்தாள் மாதிரி பெயிண்டைத் தேய்க்கும். மேல் பக்கமோ நனைஞ்சா வழவழன்னு ஆயிடும். குளம்பு எங்க நிக்கும்? தண்ணி இறங்க வழியில்லாத, கழட்டி உதறாத ஒரே வழவழப்பு. மேல மாட்டை விழ வெச்சதும் கீழே தகட்டை அரிச்சதும் அதுதான்.

இதைப் பத்தி விசாரிச்சப்போ ஆச்சரியமா ஒண்ணு தெரிஞ்சது. 1978ல மத்திய அரசு கொண்டுவந்த விலங்குகள் போக்குவரத்து விதிகள்ல, சாதாரண சரக்கு வண்டியில மாடு ஏத்தினா தரையில வழுக்காம இருக்க ஏதாவது போடணும்னு இருக்கு. உதாரணமாச் சொல்லியிருக்கறது ரெண்டே பொருள்: தேங்காய்நார்ப் பாய், இல்லேன்னா மரப்பலகை. ஒரு வண்டியில ஆறு மாட்டுக்கு மேல ஏத்தக் கூடாதுங்கறதும் அதே இடத்துல இருக்கு. சந்தை நாள்ல ரோட்டுல நின்னு எண்ணிப் பாருங்க.

சரி, நாங்க என்ன பண்ணினோம்?

பீய்ச்சி அடிக்கற பூச்சு மேல எனக்கு ஆசை இருந்தது. தகட்டோட ஒட்டிக்கும், நடுவுல தண்ணி போகாது, சொரசொரப்பாவும் இருக்கும். புது வண்டி வாங்கறவங்க தாராளமா அடிக்கலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனா துரு உள்ள தகட்டுக்கு அது ஆகாது. சுத்தமா உரிச்சு எடுக்காம அடிச்சா துரு உள்ளேயே பரவும், வெளியே தெரியாது. விலை கேட்டேன், அப்பா கணக்குல அது ஒரு கிடேரிக் கன்னு.

அப்பாவோட கட்சி பலகை. நல்ல கட்சிதான். ஆனா முக்கால் டன், ஒரு டன் ஏத்தற வண்டியில தரைப் பலகையே சுமையில ஒரு பங்கைத் தின்னுடும். அதுவும் நல்ல மரம் இன்னிக்கு என்ன விலை விக்குதுன்னு அவருக்கும் தெரியும்.

கடைசியில டிங்கர் பட்டறையில விட்டு, அரிச்ச இடத்தை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் வெச்சோம். ரெட் ஆக்ஸைடு ரெண்டு கை, மேல பெயிண்ட். நாலு மூலையிலயும் தண்ணி இறங்க ஓட்டை. ஓட்டை போடச் சொன்னப்போ பட்டறைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. மேல மாட்டுத் தொழுவத்துல போடற ரப்பர் மேட், ரெண்டு துண்டா. ஒவ்வொண்ணும் முப்பது கிலோவுக்கு மேல இருக்கும், ரெண்டு பேர் சேர்ந்தா தூக்கிக் கழுவி மதில் மேல காயப் போடலாம். உரம் ஏத்தற அன்னிக்கு அதுக்கு மேல தார்ப்பாய். காய்கறிக்கு க்ரேட் இருக்கு, கவலையில்ல. வாரத்துக்கு ஒரு தடவை மேட்டைத் தூக்கணும்ங்கறது மட்டும் தொல்லை. பௌர்ணமி வாரத்துல கிரிவலக் கூட்டத்துக்கு நடுவுல வண்டி ஓட்டிட்டு வந்து அதையும் செய்யணும்னா அலுப்பாத்தான் இருக்கு. இப்போதைக்கு விடாம செஞ்சுட்டு வரேன்.

நேத்து அந்தப் பழைய கறவை மாட்டையே ஏத்த வேண்டி வந்தது. வண்டியைப் பார்த்ததும் நின்னுடுச்சு. கயித்தை இழுத்தோம், அசையல. அப்பா போய் ரப்பர் மேல ரெண்டு கை வைக்கோலைத் தூவிட்டு வந்தாரு. மாடு முகர்ந்து பார்த்துச்சு. முன்னங்காலை ஒரு தடவை வெச்சு எடுத்துச்சு. அப்புறம் ஏறிடுச்சு.