பிரிவதா, சேர்ந்திருப்பதா? வணிகக் கூட்டமைப்புகளும் நமது மனச்சான்றும்



ஒரு நாடு மற்ற நாடுகளோடு வணிகக் கூட்டமைப்பில் சேருவதும், அதைவிட்டு வெளியேறுவதும் தலைநகரங்களில் எடுக்கப்படும் முடிவுகள். ஆனால் அவற்றின் பலனும் சுமையும் வந்து சேரும் இடம் நமது ஊர்கள். மத்திகிரியில் இரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்கும், ஓசூர் சிப்காட்டில் லேத் இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞருக்கும் இந்த முடிவுகளில் பங்கு உண்டு. ஆகவே இவற்றைப் பற்றி அறிந்துகொள்வதும், நம்பிக்கையின் ஒளியில் சிந்திப்பதும் நமது கடமையாகிறது. கருத்து வேறுபாடு எழும்போது எப்படி நடந்துகொள்வது என்பதும் இதில் அடங்கும்.

வணிகக் கூட்டமைப்பு என்றால் என்ன?

எல்லையோரத்தில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வரி நடைமுறைக்கு வரும்வரை, ஜூஜூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் சரக்கு லாரிகள் வணிகவரிச் சோதனைக்காக வரிசையில் நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தச் சோதனை நீங்கியபின் நாடு முழுவதும் ஒரே சந்தை ஆனது. அதற்கு ஈடாக, வரி விதிக்கும் உரிமையில் ஒரு பகுதியை மாநிலங்கள் பொதுவான மன்றம் ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இதில் நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு.

நாடுகளின் கூட்டமைப்பும் இப்படித்தான். உறுப்பு நாடுகள் தங்களுக்குள் சுங்கவரியைக் குறைக்கின்றன அல்லது நீக்குகின்றன. பொருள்கள் தடையின்றிச் செல்கின்றன. அதே வேளையில், தன் உழவரையும் தொழிலாளரையும் காக்கத் தானாக வரியை உயர்த்தும் சுதந்திரம் ஒவ்வொரு நாட்டிற்கும் குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் போன்றவை இன்னும் ஒரு படி மேலே சென்று, பொதுவான சட்டங்களையும் நாடாளுமன்றத்தையும் கொண்டுள்ளன.

பிரிட்டன் கண்ட பிளவு

ஐரோப்பிய ஒன்றியத்தின் தொடக்கத்தில் கத்தோலிக்க நம்பிக்கையின் தடம் உண்டு. இரண்டு உலகப் போர்களில் சிதைந்த ஐரோப்பாவில், பிரான்சின் வெளியுறவு அமைச்சர் இராபர்ட் ஷூமான் 1950 மே 9 அன்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். பிரான்சும் ஜெர்மனியும் தங்கள் நிலக்கரியையும் எஃகையும் பொதுவான நிர்வாகத்தின் கீழ் வைத்தால், ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட இயலாமல் போகும் என்பதே அதன் கருத்து. 1951இல் ஆறு நாடுகள் அதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஜெர்மனியின் அடனாவர், இத்தாலியின் தெ காஸ்பெரி ஆகிய கத்தோலிக்கத் தலைவர்களும் இம்முயற்சியில் துணை நின்றனர். ஷூமானை வணக்கத்திற்குரியவர் என்று 2021இல் திருச்சபை அறிவித்தது.

1973இல் இக்குழுமத்தில் சேர்ந்த பிரிட்டன், அதில் தொடர்வது பற்றி 1975இல் வாக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் தொடரவே விரும்பினர். 41 ஆண்டுகளுக்குப் பின், 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் வெளியேற வேண்டும் என்றும், 48.1 விழுக்காட்டினர் தொடர வேண்டும் என்றும் வாக்களித்தனர். ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் தொடர விரும்பின. இங்கிலாந்தும் வேல்சும் வெளியேற விரும்பின. முதியோர் ஒரு பக்கம், இளையோர் மறு பக்கம் எனக் குடும்பங்களே பிளவுபட்டன. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியது.

இந்த விவாதத்தில் உண்மை காயப்பட்டது. வாரந்தோறும் 350 மில்லியன் பவுண்டு ஐரோப்பாவிற்குப் போகிறது என்று வெளியேறும் தரப்பினர் பேருந்தில் எழுதிப் பரப்பினர். திரும்பி வரும் தொகையைக் கணக்கில் கொள்ளாத அந்த எண் தவறான எண்ணத்தைத் தருவது என்று அந்நாட்டின் புள்ளிவிவர ஆணையமே கண்டித்தது. மனித உயிரும் பலியானது. ஒன்றியத்தில் தொடர வேண்டும் என்று பேசி வந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ், வாக்கெடுப்பிற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று கொலை செய்யப்பட்டார். எதிர்க்கருத்து உடையவரை எதிரியாகவே பார்க்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இது எச்சரிக்கை.

வட அயர்லாந்தின் நிலை இன்னும் வேதனையானது. கத்தோலிக்கருக்கும் புரோட்டஸ்டாண்டு சபையினருக்கும் இடையே 30 ஆண்டுகள் நீடித்த வன்முறை, 1998இல் புனித வெள்ளியன்று ஏற்பட்ட உடன்படிக்கையால் தணிந்திருந்தது. அயர்லாந்துத் தீவின் நடுவே உள்ள எல்லையில் சோதனைச் சாவடிகள் இல்லாமல் போனது அந்த அமைதியின் ஓர் அடையாளம். வெளியேறும் முடிவு அந்த எல்லையைப் பற்றிய கேள்வியை மீண்டும் எழுப்பியது. அங்கே சாவடிகள் திரும்பி வராமலிருக்க ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்தது.

இந்தியா எடுத்த முடிவு

நமது நாடும் இத்தகைய கேள்வியைச் சந்தித்தது. ஆசியான் அமைப்பின் 10 நாடுகளும், சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா ஆகிய 6 நாடுகளும் சேர்ந்து, ஆர்.சி.இ.பி. எனப்படும் பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மையை அமைக்க 2012இல் முடிவு செய்தன. ஏழு ஆண்டுகள் பேசியபின், 2019 நவம்பர் 4 அன்று பாங்காக் மாநாட்டில் இந்தியா இதில் சேரப்போவதில்லை என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். ஏழைகளிலும் ஏழையின் முகத்தை நினைத்துப் பார்த்து முடிவெடுக்கச் சொன்ன காந்தியடிகளின் அறிவுரையையும், தமது மனச்சான்றையும் அவர் காரணமாகச் சுட்டினார். மற்ற 15 நாடுகளும் 2020 நவம்பர் 15 அன்று கையெழுத்திட்டன. 2022 ஜனவரி 1 முதல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

பிரிட்டனைப் போல நாம் உள்ளே இருந்து வெளியேறவில்லை, வாசல்வரை சென்று திரும்பினோம். ஆனால் வாதங்கள் பெரும்பாலும் ஒத்திருந்தன.

எதிர்த்தவர்கள் சொன்னது இது: 2018-19இல் இந்த 15 நாடுகளோடு நமக்கிருந்த வணிகப் பற்றாக்குறை ஏறத்தாழ 105 பில்லியன் டாலர். அதில் பாதியளவு சீனாவோடு மட்டும். வரியும் நீங்கினால் உள்நாட்டுச் சிறு தொழில்கள் நிற்க முடியாது. ஆதரித்தவர்கள் சொன்னது இது: உலக உற்பத்தி இன்று பல நாடுகளுக்கிடையே பிரிந்து கிடக்கிறது. அந்தச் சங்கிலியில் சேராத நாட்டிற்குத் தொழிற்சாலைகள் வருவது குறையும், இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பும் குறையும்.

இந்தக் கருத்து வேறுபாடு கட்சி எல்லைகளுக்குள் அடங்கவில்லை. இடதுசாரி உழவர் அமைப்புகளும் சுதேசி ஜாக்ரண் மஞ்ச் அமைப்பும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தன. பேச்சைத் தொடங்கிய அரசை நடத்திய காங்கிரஸ் கட்சி, 2019இல் எதிர்ப்பாளர்களோடு இருந்தது. மத்திய அரசு அமைத்த சுர்ஜித் பல்லா தலைமையிலான குழுவோ சேருவதையே பரிந்துரைத்திருந்தது.

நமது பகுதியின் கணக்கு

முதலில் பால். ஆங்கிலேயர் காலத்திலேயே தொடங்கப்பட்ட அரசுக் கால்நடைப் பண்ணை மத்திகிரியில் இருப்பதால், மாடு வளர்ப்பின் அருமையை நாம் அறிவோம். உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்வது இந்தியா. 2018-19இல் உற்பத்தி ஏறத்தாழ 188 மில்லியன் டன். இதில் பெரும்பகுதி இரண்டு, மூன்று மாடுகள் வைத்திருக்கும் எளியோரின் உழைப்பு. நியூசிலாந்திலோ பெரும்பண்ணைகள், எண்ணிக்கையில் சில ஆயிரங்கள்தாம். அவர்களது பாலில் மிகப் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே. அவர்களது பால்பவுடர் வரியின்றி வந்து குவிந்தால், கொள்முதல் விலை விழும். தீவனச் செலவோ குறையாது.

அடுத்தது பட்டு. கிருட்டினகிரி, தர்மபுரி மாவட்டங்களில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுக்கூடு வளர்ப்போர் பலர். 2011இல் இறக்குமதிப் பட்டு மீதான சுங்கவரி 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கூட்டின் விலை சரிந்தது. இராமநகரம் சந்தைக்குக் கூடு கொண்டுபோன உழவர்கள் கலங்கினர். கர்நாடகத்தில் பெரும் போராட்டங்கள் நடந்தன. 2013இல் வரி 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. டெல்லியில் மாற்றப்படும் ஓர் எண், பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகைக்குள் என்ன செய்யும் என்பதை நம்மவர் அனுபவத்தில் கண்டார்கள். ஆனால் நெசவாளருக்கோ விலை குறைந்த இறக்குமதி நூல் உதவியாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது தொழிற்சாலைகள். இங்கே கணக்கு இன்னும் சிக்கலானது. அசோக் லேலண்ட், டிவிஎஸ் போன்ற பெரிய நிறுவனங்களுக்கு உதிரி பாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் ஓசூரில் நூற்றுக்கணக்கில் உள்ளன. எஃகு மலிவாக இறக்குமதியானால் அவர்களுக்கு இலாபம். அதே எஃகில் செய்து முடித்த உதிரி பாகமே மலிவாக வந்தால், பட்டறைக்கு வேலை இல்லை. ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கோ பிற நாட்டுக் கதவுகள் திறந்திருப்பதே நல்லது. டிவிஎஸ் நிறுவனத்திற்கு இந்தோனேசியாவில் ஆலை உண்டு. 2020இல் பிரிட்டனின் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தையும் அது வாங்கியது.

நான்காவது ரோசா மலர். காதலர் தினத்தையொட்டி ஓசூர் ரோசாக்கள் வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. மலர் வளர்ப்போருக்கு வெளிச்சந்தைதான் வாழ்வு.

ஆக, ஒரே பங்கில், ஏன், ஒரே குடும்பத்தில், பால் கறக்கும் தாய்க்கு ஒரு நியாயமும், ஏற்றுமதி ஆலையில் வேலை செய்யும் மகனுக்கு இன்னொரு நியாயமும் இருக்க முடியும். இருவரில் எவரும் தீயவர் அல்லர், நாட்டுப்பற்று இல்லாதவரும் அல்லர்.

காலம் காட்டிய பாடம்

இரு தரப்பின் கணிப்பும் முழுமையாக நிறைவேறவில்லை. ஒன்றியத்திற்குள் இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட, பிரிட்டனின் உற்பத்தித் திறன் நீண்டகாலத்தில் 4 விழுக்காடு குறையும் என்று அந்நாட்டின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம் மதிப்பிட்டது. குடியேற்றத்தைக் குறைப்போம் என்று சொல்லி வெளியேறினார்கள். ஆனால் அதற்குப் பின் நிகரக் குடியேற்றம் பல மடங்கு கூடியது. ஐரோப்பியச் செவிலியர் வருவது குறைந்தபோது, இந்தியாவிலிருந்து சென்றோர் அங்குள்ள மருத்துவமனைகளின் சுமையைத் தாங்கினர்.

நமது நாட்டிலும் ஆர்.சி.இ.பி.க்கு வெளியே நின்றதால் சீனாவுடனான பற்றாக்குறை குறைந்துவிடவில்லை. 2024-25இல் அது ஏறத்தாழ 99 பில்லியன் டாலராக உயர்ந்தது. அதே வேளையில் ஆஸ்திரேலியாவுடன் 2022இலும், பிரிட்டனுடன் 2025 ஜூலை 24 அன்றும் இந்தியா தனித்தனி ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. இரண்டிலும் பால் பொருள்களுக்கு வரிச்சலுகை தரப்படவில்லை. கதவை முழுவதும் மூடாமல், எளியோரின் வாழ்வாதாரத்தைப் பேச்சுக்கு வெளியே வைக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

விவிலியம் காட்டும் இரண்டு பிரிவுகள்

தொடக்க நூல் 13ஆம் அதிகாரத்தில் ஆபிராமின் மேய்ப்பர்களுக்கும் லோத்தின் மேய்ப்பர்களுக்கும் மேய்ச்சல் நிலத்தின் பொருட்டுச் சண்டை எழுகிறது. பெரியவரான ஆபிராம், நிலத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை இளையவருக்கே விட்டுக்கொடுக்கிறார். அமைதியாகப் பிரிகிறார்கள். அடுத்த அதிகாரத்தில் லோத்து சிறைபிடிக்கப்பட்டபோது, ஆபிராம் ஓடிச்சென்று மீட்கிறார். பிரிந்தபின்னும் அவர்கள் உறவினர்களே.

1 அரசர்கள் 12ஆம் அதிகாரத்தில் வேறொரு பிரிவைப் பார்க்கிறோம். சுமையைக் குறைக்கும்படி வடக்குக் குலங்கள் வேண்டுகின்றன. அரசன் ரெகபெயாம் முதியோரின் அறிவுரையைத் தள்ளிவிட்டு, கடுமையாகப் பேசுகிறான். நாடு இரண்டாகிறது. அது மீண்டும் ஒன்றாகவே இல்லை.

பிரிவு சில வேளைகளில் தேவைப்படலாம். அதைச் செய்யும் விதத்தில்தான் நமது உள்ளம் வெளிப்படுகிறது.

திருச்சபையின் படிப்பினை

ஒரு நாடு எந்தக் கூட்டமைப்பில் சேர வேண்டும் என்று திருச்சபை கட்டளையிடுவதில்லை. அது பொதுநிலையினரும் ஆட்சியாளரும் மனச்சான்றோடு ஆய்ந்து முடிவெடுக்க வேண்டியது. ஆனால் அந்த ஆய்வுக்கு அளவுகோல்களைத் தருகிறது. திருத்தந்தை ஆறாம் பவுல், மக்களின் முன்னேற்றம் பற்றி 1967இல் எழுதிய சுற்றுமடலில், வலியவரும் எளியவரும் சமமில்லாத நிலையில் சுதந்திர வணிகம் மட்டுமே நீதியைத் தந்துவிடாது என்று தெளிவுபடுத்தினார். 1931இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ், சிறிய சமூகங்கள் தாங்களே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புகள் பறித்துக்கொள்ளக் கூடாது என்றார். திருத்தந்தை பிரான்சிஸ், 2020இல் வெளியிட்ட உடன்பிறந்த உறவு பற்றிய சுற்றுமடலில், தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும் குறுகிய தேசியவாதத்தை எச்சரித்ததோடு, உள்ளூர்ப் பண்பாட்டை அழித்து எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கும் உலகமயத்தையும் எச்சரித்தார்.

அன்பியங்களில் சிந்திக்க

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப் பகுதி நம்முடையது. வேறுபாட்டோடு வாழ நாம் பழகியவர்கள். எனவே இத்தகைய பொதுக் கேள்விகள் எழும்போது அன்பியக் கூட்டங்களில் பின்வருவனவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்:

1. இந்த முடிவால் அதிகம் இழப்பவர் யார்? அவரது குரல் கேட்கப்பட்டதா?

2. நாம் பகிரும் எண்களும் செய்திகளும் உண்மையானவையா? கைப்பேசியில் வந்ததை அப்படியே அனுப்புகிறோமா?

3. மாற்றுக் கருத்து உடையவரின் நியாயத்தை, அவர் ஏற்கும் விதத்தில் நம்மால் எடுத்துச்சொல்ல முடியுமா?

4. முடிவு நமக்குச் சாதகமானால், இழந்தவர்க்கு நாம் செய்யப்போவது என்ன? அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்கச் சொன்ன லேவியர் நூலின் சட்டம் இன்று எப்படிப் பொருந்தும்?

நாடுகள் சேரலாம், பிரியலாம். ஒப்பந்தங்கள் மாறலாம். நற்கருணைப் பந்தியில் அருகருகே முழந்தாளிடும் நாம், ஒப்பந்தம் ஒன்றின் பொருட்டு ஒருவருக்கொருவர் அந்நியராகிவிடக் கூடாது. ஆள்வோருக்கு ஞானத்தையும், எளியோருக்குப் பாதுகாப்பையும், நமக்குப் பொறுமையோடு செவிமடுக்கும் உள்ளத்தையும் தர இறைவனை மன்றாடுவோம்.