ஹீற்றர் தேவைப்படாத ஊரில் சூடாகிய எண்ணெய்

யாழ்ப்பாணத்துக் கராஜ் ஒன்றில் போய், ஜீப்புக்கு ஹீற்றர் பூட்ட வேணும் எண்டு கேட்டுப் பாருங்கள். சிரிப்பினம். மார்கழிப் பனிக்கும் எங்களுக்கு யன்னல் கண்ணாடியை உயர்த்தினால் காணும்.

ஆனால் எங்கட தெருக்களில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் குளிர் நாட்டில் பிறந்தவை. இங்கிலாந்தில் அவற்றுக்கு ஹீற்றர் என்பது மேலதிகமாகக் காசு குடுத்துப் பூட்டும் சாமான். எஞ்சினைச் சுற்றிவரும் சுடுதண்ணியில் கொஞ்சத்தைக் குழாயால் உள்ளே எடுத்து, ஒரு குட்டி றேடியேற்றருக்குள்ளால் ஓடவிட்டு, விசிறியால் காற்றை அடிக்கிறது. வீணாகப் போற சூட்டை வேலைக்கு எடுக்கிறது, அவ்வளவுதான்.

அதே வீண் சூடு 1990களில் எங்களுக்கும் உதவியது. ஆட்களுக்கு இல்லை, மண்ணெண்ணெய்க்கு.

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்க, குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப் பட்டியலில். மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் சின்னத் திரி போட்டுப் படித்த கதையை வீட்டில் கேட்டிருப்பீர்கள். கார் ஓடிய கதை அதைவிடச் சிக்கலானது.

பெற்றோல், பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 38 பாகையாவது வேணும். அதனால் குளிர்ந்த எஞ்சின் அதில் ஸ்ரார்ட் ஆகாது. கார்புரேற்றர் வாயில் சில துளி பெற்றோலைப் பீச்சியடித்து, எஞ்சினை உறுமவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். பழைய ஒஸ்ரின்களில் எரிபொருள் உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். புகையின் சூடு எண்ணெயை ஆவியாக்கிவிடும். அமுக்க விகிதமும் குறைவு, ஏழுக்குக் கிட்ட. அதனால் மண்ணெண்ணெயின் 'டொக் டொக்' இடிப்பையும் ஓரளவு தாங்கின. நவீன கார்கள் முடங்கிக் கிடக்க, அப்புமாரின்ர கார்கள் ஓடியதற்கு இதுதான் காரணம்.

இதை யாழ்ப்பாண மூளையின் கண்டுபிடிப்பு எண்டு நாங்கள் மார்தட்டுவதுண்டு. அது முழு உண்மை இல்லை. 1949இலேயே பேர்கூசன் ட்ராக்டர் இந்த முறைக்கெனத் தயாராகி வந்தது: பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய் வகை எண்ணெய்க்கு மாறும். எங்கட வெங்காயத் தோட்டங்களில் தண்ணி இறைத்த மிசின்களிலும் இதே முறைதான், சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். கராஜ்காரருக்குப் பாடம் தோட்டத்தில் இருந்துதான் வந்திருக்கும் எண்டு நினைக்கிறோம். அவர்கள் செய்த பெரிய வேலை, அதற்கெனச் செய்யப்படாத எஞ்சினை அதற்குப் பழக்கியது.

அதுக்கு விலையும் இருந்தது. ஆவியாகாத எண்ணெய் பிஸ்ரன் வளையத்தைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஓயிலைத் தண்ணியாக்கும். பிளக்கில் கரி பிடிக்கும். பின்னால் சைக்கிளில் வருபவர் கண்ணெரிச்சலோடு அந்த வெள்ளைப் புகையைக் குடிக்க வேணும். அடுப்புக்கும் விளக்குக்கும் அதே எண்ணெய்தான், அதுவும் அருமை. கார் ஓடிய ஒவ்வொரு மைலும் யாரோ ஒரு வீட்டின் இரவு வெளிச்சம்.

இரவில் பிள்ளைப்பேற்று வலி எடுத்தால் பெரியாஸ்பத்திரிக்குப் போக வாடகைக் கார்தான். எஞ்சின் ஆறிப்போய்க் கிடக்கும். அப்போது முழுச் சிந்தனையும் அந்தச் சில துளி பெற்றோலில்தான். அதனால் மண்ணெண்ணெய் தீர்ந்தாலும் பரவாயில்லை, பெற்றோல் போத்தலை மட்டும் ஒளித்து வைத்தார்கள்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்து, பெற்றோல் லொறிகளில் வந்தது. அந்த ஒஸ்ரின்களில் சில இன்னும் கலியாண வீடுகளுக்கு ஓடுகின்றன. அடுத்தமுறை ஒன்றைக் கண்டால் பொனற்றைத் திறக்கச் சொல்லி, அந்த இரண்டு குழாய்களும் ஒட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள்.