400 குதிரைகளும் ஒரு பல்சக்கரமும்

போன ஞாயிறு மதியம் மோர்க்குழம்பு சாப்பிட்டுவிட்டு கொஞ்சம் கண் அயரலாம் என்று படுத்தால், பையன் ரூமிலிருந்து ஒரே எஞ்சின் உறுமல். நாக்பூர் வெயிலுக்கு வெளியே போய் விளையாடவும் முடியாது, பாவம். எட்டிப் பார்த்தேன். அசெட்டோ கோர்சா ஓடிக்கொண்டிருந்தது. இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014ல் வெளியிட்ட கார் பந்தய சிமுலேட்டர்.

"அப்பா, இந்த 1967 மாடல் காரோட எஞ்சின் ஃபைலைத் திறந்துட்டேன். 400 குதிரைத்திறனை 600 ஆக்கிடவா? எல்லாரையும் முந்திடலாம்."

நான் பி.காம். ஆசாமி. எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்றும் வரவும்தான். ஆனால் இந்த 1967 விஷயத்தில் கொஞ்சம் அனுபவம் உண்டு. வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் (அதாவது படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்!) நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் 'கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்' ஆடியிருக்கிறேன். அமெரிக்காவின் பாப்பிரஸ் குழு 1998ல் செய்தது. 1967ம் வருட ஃபார்முலா ஒன் பந்தயங்களை அப்படியே கொண்டுவர முயன்ற விளையாட்டு. ஆக்ஸிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தினால் கார் பம்பரமாய்ச் சுற்றும். கடினம் என்றே பெயர் வாங்கியது, பெரிதாக விற்கவும் இல்லை. ஆனால் பின்னால் வந்த சிமுலேட்டர்களுக்கெல்லாம் அதுதான் பெரியண்ணன்.

ஏன் 1967? அதற்கு முந்தைய வருடம்தான் விதி மாறி, எஞ்சின் கொள்ளளவு 1.5 லிட்டரிலிருந்து 3 லிட்டர் ஆனது. சக்தி எகிறியது. ஆனால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் இன்னும் வரவில்லை. ஃபோர்டு கொடுத்த 1 லட்சம் பவுண்டில் காஸ்வொர்த்தின் கீத் டக்வொர்த் வடிவமைத்த டி.எஃப்.வி. எஞ்சின், 1967 ஜூன் 4 அன்று ஹாலந்தின் ஸாண்ட்வோர்ட் பந்தயத்தில் லோட்டஸ் 49 காரில் அறிமுகமானது. எட்டு சிலிண்டர், 9000 சுற்றில் சுமார் 400 குதிரைத்திறன். காரின் எடையோ 500 கிலோ சொச்சம்தான். முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் ஜெயித்துவிட்டார்.

"பாத்தியா? பவர்தான் ஜெயிக்குது" என்றான் பையன்.

இருடா, கதை முடியவில்லை என்றேன்.

அடுத்த மாதம் ஜூலை 2, பிரெஞ்சுப் பந்தயம். கிரஹாம் ஹில், கிளார்க், இரண்டு லோட்டஸ்காரர்களும் முன்னணியில் ஓடினார்கள். இருவருமே பாதியில் நின்றார்கள். எஞ்சின்கள் நன்றாகத்தான் இருந்தன. அந்தச் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் கடைசிப் பல்சக்கரங்கள்தான் தாங்கவில்லை. ஜெயித்தது யார் தெரியுமா? ஜாக் பிராபம். இரண்டாவது அவருடைய அணியின் டென்னி ஹல்ம். அவர்களுடைய ரெப்கோ எஞ்சினுக்கு 330 குதிரைத்திறன் அளவுதான்.

வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால், கிளார்க் 4 பந்தயம் ஜெயித்து 41 புள்ளி, மூன்றாமிடம். பிராபம் 46. ஹல்ம் ஜெயித்தது 2 பந்தயம்தான், ஆனால் 51 புள்ளிகளோடு உலக சாம்பியன்.

இப்போது அந்த ஃபைலுக்கு வருவோம். அதில் குதிரைத்திறன் என்று ஒரே ஒரு எண் கிடையாது. எத்தனை ஆர்.பி.எம்.மில் எவ்வளவு முறுக்குவிசை என்று ஒரு பட்டியல். டி.எஃப்.வி. சுமார் 6500 சுற்று வரை சாதுவாக இருந்து சட்டென்று சீறும். பட்டியலில் அந்த ஏற்றம் தெரிய வேண்டும். எந்தச் சுற்றைத் தாண்டினால் எஞ்சின் கெட ஆரம்பிக்கும் என்பது இன்னொரு எண். தனி ஃபைலில் ஐந்து கியர்களின் விகிதம், கடைசி விகிதம். மொனாக்கோவின் குறுகல் தெருவுக்கு நெருக்கமான விகிதம், மொன்சாவின் நீண்ட ஓட்டத்துக்கு நீளமானது. பிறகு டிஃபரென்ஷியல். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு பூட்டு, காலை எடுக்கும்போது இன்னொரு பூட்டு. முதலாவது அதிகமானால் வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது அதிகமானால் வளைவுக்குள் கார் திரும்பவே அடம்பிடிக்கும்.

எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு கண்ணியில் 600 என்று எழுதினால் மற்ற கண்ணிகளையும் அதற்கேற்ப எழுத வேண்டும். நிஜத்தில் உடைந்த பல்சக்கரம் இந்த ஃபைலில் உடையாது. எண்ணை நேர்மையாக எழுதுவது நம் பொறுப்பு.

எங்கள் வேலையிலும் இப்படித்தான். ஒரு கிளையில் ஒரே வருடத்தில் கடன் கொடுப்பதை இரட்டிப்பாக்கினோம், வசூலுக்குப் போக ஆள் இரண்டே பேர். அடுத்த வருடம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் இவ்வளவும் சொல்லி முடித்ததும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான், "அப்ப எனக்கு மட்டும் எதுக்குப்பா ஸ்கூலுக்கு மேல ரெண்டு கோச்சிங்?"

என்னிடம் பதில் இல்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டம்மா சிரித்துவிட்டார்.

அவன் எண்ணை 400 என்றே விட்டுவிட்டு, காலை எடுக்கும்போது விழும் பூட்டை மட்டும் கொஞ்சம் குறைத்தான். சாயங்காலம் 20 சுற்று சுழலாமல் ஓட்டி நான்காவதாக வந்தான். மறுநாள் மாலை கோச்சிங் ஒன்றை நிறுத்திவிட்டு வந்தேன். கட்டிய ஃபீஸ் திரும்பாதாம், போகட்டும்.